சபையில் நான் செய்வது தேவனுக்காகவா, என் பேருக்காகவா?

கேட்கப்பட்ட கேள்வி இது: "சபையில் நான் செய்யும் உதவிகளைத் தேவனுக்காகச் செய்கிறேனா, மற்றவர்கள் மதிக்க வேண்டும் என்பதற்காகச் செய்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. நோக்கம் சுத்தமாக இல்லை என்றால் நிறுத்திவிடுவதுதான் சரியா?"

நிறுத்த வேண்டாம் என்பதே என் பதில். அதை விளக்க, என் வாழ்க்கையில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இலங்கை மலையகத்தில், ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்துச் சபையைச் சேர்ந்தவன் நான். 2022 பொருளாதார நெருக்கடியில் கோதுமை மாவின் விலை ஏறி, ரொட்டியை நம்பியிருந்த லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், பிள்ளைகள் பட்டினியோடு படுக்கத் தொடங்கியபோது, சபையார் பணம் சேர்த்து மாவும் பருப்பும் வாங்கிப் பொதிகளாகக் கட்டிக் கொடுத்தோம். பட்டியலை நான் வைத்திருந்தேன். அதில் முதற்பெயராக, தண்ணீர்த் தகராறு ஒன்றில் பலர் முன்னிலையில் என்னைப் பொய்யன் என்று சொல்லிவிட்டு அதற்குப் பின் என்னோடு பேசாமலே இருந்த ஓர் அக்காவின் பெயரை எழுதினேன். "உன் சத்துரு பசியாயிருந்தால், அவனுக்குப் போஜனங்கொடு" என்ற வசனத்துக்குக் கீழ்ப்படிகிறேன் என்றே உண்மையாக நம்பினேன்.

வேலை முடிந்து, ஈரப் படங்கை இடுப்பிலிருந்து அவிழ்க்காமலே அவர் வந்தார். பொதியை நீட்டியபோது என் கண் அவர் முகத்தின்மேல்தான் இருந்தது. அது தாழ்கிறதா என்று பார்த்தேன். தாழவில்லை. "சரிங்க" என்ற ஒரே சொல்லோடு வாங்கிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார். எனக்குள் கோபம் மூண்டது. பசித்தவருக்குக் கொடுப்பதுதான் என் எண்ணமாக இருந்திருந்தால், மா அவர் கைக்குப் போனவுடன் என் மனமும் நிறைந்திருக்க வேண்டும். நானோ அந்த மாவுக்கு விலையாக அவருடைய தலைகுனிவைக் கேட்டிருக்கிறேன் என்பது அன்றிரவு ஜெபிக்க உட்கார்ந்தபோதுதான் எனக்கு விளங்கியது.

நீதிமொழிகள் 16:2 இப்படிச் சொல்கிறது: "மனுஷனுடைய வழிகளெல்லாம் அவன் பார்வைக்குச் சுத்தமானவைகள், கர்த்தரோ ஆவிகளை நிறுத்துப்பார்க்கிறார்." நிறுப்பது என்றால் என்னவென்று பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுக்கும் மடுவத்தில் வரிசையில் நின்றவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. என் அம்மா கூடையின் கனத்தை முதுகிலே உணர்ந்தே "இன்றைக்குப் பதினெட்டு இருக்கும்" என்பார். தராசில் தொங்கவிட்டால், மழை நாளில் இலையோடு ஏறிய தண்ணீரும் சாக்கின் பாரமும் கழிந்து குறைவாகத்தான் நிற்கும். ஒரு நாள் வேலை கணக்கில் பதிவதைத் தோட்டத்தில் "பேர்" என்றே சொல்வோம். நிறை குறைந்தால் அரைப் பேர். தன் கொழுந்தின் நிறையைச் சுமக்கிறவர் தாமே தீர்மானிக்க முடியாததுபோல, என் நோக்கத்தின் நிறையை நானே தீர்மானிக்க முடியாது. கையில் கனமாகத் தெரிந்த என் அன்பில் எவ்வளவு தண்ணீர் இருந்தது என்பது தராசில் ஏறிய பின்தான் தெரிந்தது.

ஆனால் இந்த உவமையை நம் மக்களிடம் கவனமாகவே சொல்ல வேண்டும். நிறுப்பவர் அநியாயமாகக் கிலோ வெட்டிய அனுபவம் பல தலைமுறையாக நமக்கு உண்டு. ஆகவே தேவன் நிறுக்கிறார் என்று கேட்டவுடன், எதையாவது பிடித்துக்கொள்ளத்தான் நிறுக்கிறார் என்ற பயம் வந்துவிடுகிறது. கள்ளத்தராசைத் தமக்கு அருவருப்பானது என்று சொன்ன அதே தேவன்தான் நம்மை நிறுக்கிறார் என்பதையும், "நாம் மண்ணென்று நினைவுகூருகிறார்" என்று 103ஆம் சங்கீதம் அவரைப்பற்றியே பாடுகிறது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் ஒருவர் துணிந்து அந்தத் தராசண்டை போவார்.

139ஆம் சங்கீதத்தை நான் பலமுறை வாசித்திருக்கிறேன். ஆனால் அந்த இரவில்தான் அதன் கடைசிப் பகுதி எனக்குப் புரிந்தது. "நீர் என்னை ஆராய்ந்து, அறிந்திருக்கிறீர்" என்று தொடங்குகிறவர், முடிவில் "என்னை ஆராய்ந்து, என் இருதயத்தை அறிந்துகொள்ளும்" என்று கேட்கிறார். முன்பே அறிந்திருக்கிறவரிடம் ஏன் மறுபடி கேட்க வேண்டும்? அதற்கு முந்திய இரண்டு வசனங்களைப் பாருங்கள்: தேவனைப் பகைக்கிறவர்களைத் தானும் பகைப்பதாக வைராக்கியத்தோடு சொல்கிறார். அந்த வைராக்கியம் முழுவதும் தேவனுக்கானதுதானா, தன்னுடைய பகையும் அதற்குள் ஒளிந்திருக்கிறதா என்று உடனே சோதிக்கக் கொடுக்கிறார் என்றே நான் வாசிக்கிறேன். நாம் மிகவும் நீதியாக இருப்பதாக உணரும் நேரமே சோதனை தேவைப்படும் நேரம் போலும். பவுலும், தன்னிடத்தில் யாதொரு குற்றத்தையும் அறியேன் என்று எழுதிவிட்டு, அதனாலே தான் நீதிமானாகிறதில்லை, விசாரிக்கிறவர் கர்த்தரே என்று அங்கேயே நிறுத்திக்கொள்கிறார். மணிக்கணக்காகத் தன் மனத்தையே கிண்டிக்கொண்டிருப்பது அவர் காட்டும் வழி அல்ல. அதுவும் ஒருவகையில் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதுதான்.

இனி, உதவி செய்வதை நிறுத்திவிடுவதைப் பற்றி. சிலர் பொறாமையினாலும் விரோதத்தினாலும் கிறிஸ்துவைப் பிரசங்கிக்கிறார்கள் என்று தெரிந்தும், எப்படியாவது கிறிஸ்து அறிவிக்கப்படுகிறார் என்று பவுல் பிலிப்பியருக்கு எழுதியபோது சந்தோஷப்பட்டார். மலையகத்துக்கு இது தூரத்துக் கதையல்ல. தோட்டத் தொழிலாளருக்குச் சுவிசேஷம் சொல்ல 1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன் கோப்பித் தோட்டத் துரைமாரின் பண உதவியோடுதான் நடந்தது. அந்தப் பணத்துக்குப் பின்னால் இருந்த நோக்கங்களைத் தேவன் நிறுத்துப்பார்க்கட்டும். லயங்களில் சுவிசேஷம் கேட்கப்பட்டது என்பதற்காக நான் அவருக்கு நன்றி சொல்கிறேன். உங்கள் நோக்கம் சுத்தமாகும்வரை பசித்தவர் காத்திருக்க வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. வேலையை விடாமல், அதில் உங்களை உயர்த்தும் பகுதியை மட்டும் விட்டுப் பாருங்கள். மனம் எங்கே வலிக்கிறதோ அங்கே ஜெபியுங்கள்.

அந்த அக்காவிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு மூன்று வாரம் பிடித்தது. ஆலயத்தில் எல்லாருக்கும் முன் கேட்கலாம் என்று முதலில் நினைத்தேன்; அதிலும் என் பேருக்கு ஒரு பங்கு இருக்கிறது என்று தெரிந்து, ஆளில்லாத நேரத்தில், தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் கேட்டேன். அவர் குடம் நிறையும்வரை ஒன்றும் பேசவில்லை. பிறகு, "நீங்க என் மூஞ்சியப் பார்த்தது எனக்கு அன்னைக்கே தெரியும் தம்பி. ஆனா பிள்ளைங்க வயிறார ரொட்டி சாப்பிட்டுச்சுங்க" என்று சொல்லிவிட்டுக் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டார்.

இப்போது பட்டியல் வேறொருவரிடம் இருக்கிறது. நான் கடைவீதியிலிருந்து மா மூட்டைகளை ஏற்றி இறக்குகிறேன்.