கொழும்பில் கப்டனா, வளைகுடாவில் துணை விமானியா?

கேள்வி: என் கணவர் கொழும்பில் ஒரு விமான நிறுவனத்தில் எயார்பஸ் ஏ320 ஓட்டும் துணை விமானி. அடுத்த வருடம் கப்டன் ஆக்குவோம் என்று சொல்லியிருக்கிறார்கள். இதற்கிடையில் வளைகுடா நிறுவனம் ஒன்று, பெரிய விமானத்துக்குத் துணை விமானியாக வரும்படி கடிதம் அனுப்பியிருக்கிறது. இங்கே கப்டனுக்குக் கிடைக்கும் என்று சொல்லும் தொகையைவிட அந்தச் சம்பளம் கூட. டொரொன்டோவில் இருக்கும் என் அண்ணாவோ, அமெரிக்காவில் கப்டன்மார் வருடத்துக்கு நாலு லட்சம் டொலர் எடுக்கிறார்கள், இவர் ஏன் அங்கே கிடக்கிறார் என்று கேட்கிறார். ஒரு கப்டன் உண்மையில் எவ்வளவு உழைக்கிறார்? நாங்கள் எதை நம்பி முடிவெடுப்பது? பிள்ளைகள் இரண்டு பேர். வீட்டுக் கடனும் இருக்கிறது.
- வாசகி, தெஹிவளை

பதில்: அண்ணாவின் பேச்சை முதலில் முடித்துவிடுவோம். அவர் சொல்வது பொய்யில்லை. அமெரிக்காவின் பெரிய நிறுவனங்களில் நீண்டதூர விமானம் ஓட்டும் மூத்த கப்டனுக்கு மணித்தியாலத்துக்கு 400 டொலருக்கு மேல் போகிறது. அதை வருடத்துக்கு 900 மணித்தியாலத்தால் பெருக்கினால் அவருடைய கணக்குக்குக் கிட்ட வந்துவிடும். ஆனால் அது உச்சியில் இருப்பவர்களின் சம்பளம். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிபரப் பணியகத்தின் 2024 மே மாதக் கணக்குப்படி, கப்டன், துணை விமானி எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் நடுவில் நிற்பவரின் வருடச் சம்பளம் 2,26,600 டொலர். பாதிப்பேர் அதற்குக் கீழே. இந்தத் தொகைகூட, 2023இல் டெல்டா போன்ற நிறுவனங்களின் விமானிகள் சங்கங்கள் மேசையில் உட்கார்ந்து வாங்கிய உயர்வுகளுக்குப் பிறகு வந்தது. டெல்டாவில் மட்டும் நான்கு வருடத்துக்கு 34 சதவீதம். அங்கே போய்ச் சேர, நிரந்தரமாக வேலை செய்யும் உரிமையும் அமெரிக்க விமானி உரிமமும் வேண்டும். உங்கள் கணவரிடம் கிரீன் கார்ட் இல்லையென்றால் அந்தத் தொகை உங்கள் வீட்டுக் கணக்கில் வராது. அண்ணாவிடம் இதை மெதுவாகச் சொல்லுங்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருவோம். கப்டனின் சம்பளம் என்று யாராவது ஒரே ஒரு தொகையைச் சொன்னால், அது எந்த மாதத்தின் தொகை என்று கேளுங்கள். விமானியின் சம்பளம் பல துண்டுகளாக வரும். அடிப்படைச் சம்பளம் ஒன்று. பறந்த மணிக்கு ஏற்ற கொடுப்பனவு இன்னொன்று. வெளிநாட்டில் தங்கும் நாட்களுக்கான படி, பெரும்பாலும் வெளிநாட்டு நாணயத்தில், தனியாக வரும். குறிப்பிட்ட மணிக்கு மேல் பறந்தால் கூடுதல் வீதம். பயிற்சி கொடுப்பவராகவோ பரீட்சிப்பவராகவோ இருந்தால் அதற்கும் தனிப் படி. டிசம்பரில் ரொஸ்டர், அதாவது பறப்பு அட்டவணை, நிரம்பி வழியும்போது வந்த சம்பளச் சீட்டைக் காட்டிப் பேசுகிறவர்கள், ஆளில்லாத மாதங்களின் சீட்டை மறந்துவிடுவார்கள். மூன்று கிழமை காய்ச்சலில் கிடந்த மாதத்தின் சீட்டை ஒருவரும் காட்டமாட்டார்கள்.

இங்கே முக்கியமான சொல், உத்தரவாத மணி. பறந்தாலும் பறக்காவிட்டாலும் மாதம் இத்தனை மணிக்குக் காசு உண்டு என்று நிறுவனம் எழுத்தில் தரும் அளவு அது. இந்தியாவில் எயார் இந்தியா 2023இல் சம்பளத் திட்டத்தைத் திருத்தியபோது, இந்த உத்தரவாதத்தை 20 மணியிலிருந்து 40 மணியாக உயர்த்தியது பெரிய செய்தியானது. அமெரிக்காவில் இது வழமையாக 70 மணியை ஒட்டி இருக்கும். இரண்டு கடிதங்களில் மணி வீதம் ஒன்றாக இருந்தாலும், உத்தரவாத மணி வித்தியாசப்பட்டால் வீட்டுக்கு வரும் காசு வேறு.

மணியை எப்படி எண்ணுகிறார்கள் என்பதும் வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாத விஷயம். விமானம் தரிப்பிடத்தை விட்டு நகரத் தொடங்கியதிலிருந்து போய் நிற்கும்வரை உள்ள நேரம்தான் காசுக்குரிய நேரம். பிளொக் டைம் என்பார்கள். உங்கள் கணவர் கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து சென்னைக்குப் போய் உடனே திரும்பினால், பிளொக் டைம் இரண்டு பக்கமும் சேர்த்து மூன்று மணிக்குள் முடிந்துவிடும். ஆனால் புறப்பாட்டுக்கு ஒரு மணி முன்னரே அங்கே நிற்க வேண்டும், சென்னையில் ஒரு மணி தரையில் நிற்க வேண்டும், வந்த பிறகு கடதாசி வேலை. டியூட்டி ஐந்தரை, ஆறு மணி. தெஹிவளையிலிருந்து கட்டுநாயக்கவுக்குப் போய்வரும் நேரம் யார் கணக்கிலும் இல்லை. லண்டன் பயணமென்றால் ஒரு பக்கமே பதினொரு மணியளவில் பிளொக் டைம், அதோடு தங்கும் படியும் சேரும். அதனால்தான் ஒரே வருடம் சேர்ந்த இரண்டு கப்டன்மாரின் சீட்டு ஒன்றுபோல் இருப்பதில்லை. அதிகம் பறந்து சமாளிக்கலாம் என்று நினைத்தால், சட்டம் விடாது. பெரும்பாலான நாடுகளில் 28 நாட்களில் 100 மணி, வருடத்தில் 900 அல்லது 1,000 மணிதான் உச்சம்.

சரி, கையில் வருவது எவ்வளவு? கணக்குக்காக மாதம் 15 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். எந்த நிறுவனத்தின் சம்பளமும் இதுவல்ல, பெருக்க வசதியான தொகை, அவ்வளவுதான். 2025 ஏப்ரலில் தொடங்கிய வரி விகிதத்தில் மாதம் ஒன்றரை லட்சம் வரை வரியில்லை. அதற்கு மேல் 6, 18, 24, 30 என்று படிப்படியாக ஏறி 36 சதவீதத்தில் நிற்கிறது. 15 லட்சத்தில் வருமான வரி மட்டும் ஏறத்தாழ 4 லட்சத்து 46 ஆயிரம் ரூபாய். அடிப்படைச் சம்பளத்தில் 8 சதவீதம் ஊழியர் சேமலாப நிதிக்குப் போகும். அது உங்கள் காசுதான், ஆனால் இப்போது கைக்கு வராது. இதைவிட உங்களுக்கு முக்கியமானது வேறொன்று. மாதம் சுமார் 3 லட்சத்து 58 ஆயிரத்துக்கு மேல் வரும் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் 36 ரூபாய் வரிக்குப் போகிறது. துணை விமானியாக அவர் இப்போதே அந்த எல்லையைத் தாண்டியிருந்தால், கப்டன் ஆவதால் கூடும் தொகை முழுவதும் அந்த 36 சதவீதத்தில்தான் விழும். ஐந்து லட்சம் உயர்வு என்றால் வீட்டுக்கு வருவது 3 லட்சத்து 20 ஆயிரம்.

வளைகுடாவில் தனிநபர் வருமான வரி இல்லை. ஐக்கிய அரபு இராச்சியத்தின் திர்ஹமும் கட்டார் ரியாலும் டொலரோடு கட்டப்பட்ட நாணயங்கள். 2022 மார்ச்சில் ரூபாயின் மதிப்பைச் சந்தையே தீர்மானிக்கட்டும் என்று மிதக்க விட்டபோது, 200 ரூபாயாக இருந்த டொலர் இரண்டு மூன்று மாதத்தில் 360ஐ எட்டியது. ரூபாயில் சம்பளம் எடுத்தவர்கள் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு நின்ற காலம் அது. இங்கிருந்து விமானிகள் கூட்டமாக வெளியேறியதும் அதற்குப் பிறகுதான். உங்கள் வீட்டுக் கடன் ரூபாயில், சம்பளம் திர்ஹமில் என்றால், அப்படி ஒரு நிலை மறுபடி வந்தாலும் கடன் சுருங்கும். அந்தக் கடிதத்தின் உண்மையான பலம் இதில்தான் இருக்கிறது என்பேன்.

ஆனால் கடிதத்தை வரி வரியாகப் படியுங்கள். மொத்தத் தொகையில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, வீட்டுப் படி எவ்வளவு என்று பிரியுங்கள். ஐக்கிய அரபு இராச்சியத்தின் சட்டப்படி வேலை முடிந்து போகும்போது கிடைக்கும் பணிக்கொடை, முதல் ஐந்து வருடத்துக்கு வருடத்துக்கு 21 நாள், அதன் பிறகு 30 நாள் என்று அடிப்படைச் சம்பளத்தில் மட்டுமே கணக்கிடப்படும். அடிப்படை சிறியதாகவும் படிகள் பெரியதாகவும் இருந்தால் கடைசியில் கையில் கொஞ்சம்தான் மிஞ்சும். பிள்ளைகளின் பாடசாலைக் கட்டணத்தில் நிறுவனம் எவ்வளவு தருகிறது, அதற்கு மேல் யார் கட்டுவது, இரண்டாவது பிள்ளைக்கும் உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். வரி இல்லாத ஊரில் வாடகையும் பள்ளிக்கூடமும் வரி அறவிடும். நீங்களும் பிள்ளைகளும் தெஹிவளையிலேயே இருந்து அவர் மட்டும் போய்வந்தால் கணக்கு அழகாக இருக்கும். வீடு எப்படி இருக்கும் என்பது உங்களுக்குத்தான் தெரியும். அப்புறம், அவர் வருடத்தில் 183 நாளோ அதற்கு மேலோ இலங்கையில் இருந்தால் இங்கே வரி வதிவாளர் ஆகிவிடுவார். வரிக் கணக்குப் பார்ப்பவரிடம் இதை முன்கூட்டியே பேசுங்கள்.

இனி, மாதச் சம்பளத்தில் தெரியாத ஒன்று. கப்டன் பதவியின் பெறுமதி, அவருடைய பறப்புப் பதிவேட்டில் ஏறும் மணிகள். பொறுப்பு விமானியாக, அதாவது கப்டனாக, பறந்த மணி வேறு, துணை விமானியாகப் பறந்த மணி வேறு. நேரடியாகக் கப்டனாக ஆள் எடுக்கும் விளம்பரங்களைப் பாருங்கள், அந்த ரக விமானத்தில் கப்டனாக 500 மணி, 1,000 மணி என்று கேட்பது வழமை. மாதம் 65 மணி பறந்தால் ஒன்றரை வருடத்துக்குள் 1,000 மணி சேர்ந்துவிடும். அதன் பிறகு வரும் கடிதங்கள் இப்போது வந்ததைப்போல் இருக்காது. இன்று துணை விமானியாகப் போனால், புதிய நிறுவனத்தின் மூப்புப் பட்டியலில் அவர் கடைசி ஆள். கொழும்பில் வேலை செய்த வருடங்களை அங்கே யாரும் எண்ணமாட்டார்கள். கப்டனாக எத்தனை வருடம் காத்திருக்க வேண்டும் என்பது அந்த நிறுவனத்துக்கு எப்போது புதிய விமானங்கள் வருகின்றன என்பதைப் பொறுத்தது.

ஆகவே என் கருத்து இது. அடுத்த வருடப் பதவி உயர்வு வாய்ப்பேச்சாக இல்லாமல், பயிற்சி தொடங்கும் திகதியோடு எழுத்தில் வந்தால், இருங்கள். கப்டனுக்குரிய நாலு பட்டியைத் தோளில் வாங்கி, மணிகளைச் சேர்த்துக்கொண்டு அதன் பிறகு போகட்டும். வெறும் 'சொல்கிறார்கள்' என்றால் வளைகுடாக் கடிதத்தை நான் விடமாட்டேன். எது என்று அறிய, இங்குள்ள மூப்புப் பட்டியலில் அவருக்கு முன்னால் எத்தனை பேர் என்று அவரிடமே கேளுங்கள், அவருக்கு மனப்பாடமாக இருக்கும். கொழும்பு நிறுவனங்கள் சிறியவை. ஸ்ரீலங்கனிடமே இருபது விமானங்கள் அளவில்தான் உண்டு. பிட்ஸ்எயார் 2022 ஒக்டோபரில்தான் சர்வதேசப் பயணிகள் சேவையைத் தொடங்கியது. ஒரு விமானத்துக்கு ஐந்தாறு சோடி விமானிகள் தேவைப்படும். ஒன்று எஞ்சினுக்காகத் தரையில் நின்றுவிட்டால் அத்தனை பதவிகளும் பின்னுக்குப் போகும். பயிற்சியில் சித்தியடையாமல் போவதும் நடக்கிற விஷயம்தான். பயிற்சிக் காலத்தில் பல இடங்களில் பழைய சம்பளமே.

கப்டன் பயிற்சிக்கு இங்கே பொண்ட், அதாவது இத்தனை வருடம் விலகமாட்டேன் என்ற ஒப்பந்தம், கேட்பார்கள். எத்தனை வருடம், இடையில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும், வருடம் போகப் போக அந்தத் தொகை குறைகிறதா என்று பாருங்கள். குறையாத பொண்டில் கையெழுத்து வைத்தால் நான் சொன்ன ஒன்றரை வருடக் கணக்கு பிழைத்துவிடும். வளைகுடாக் கடிதத்திலும் பெரிய விமானத்துக்கான பயிற்சிக்கு இதேபோல் ஒரு பிரிவு இருக்கும்.

கடைசியாக அந்த வீட்டுக் கடன். கப்டனானாலும் துணை விமானியானாலும் வருடத்துக்கு ஒருமுறை முதலாம் வகுப்பு மருத்துவப் பரிசோதனை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிமியுலேட்டர் பரீட்சை. வயது 65 வரைதான். இதயத்தில் ஒரு சிறு கோளாறு கண்டால்கூட உரிமம் நிற்கும், பறப்புக் கொடுப்பனவும் நிற்கும். 2020இல் கொரோனாவால் விமானங்கள் நின்றபோது, விமானிக்கு நோய் எதுவும் இல்லாமலே வருமானம் நின்றது. கெத்தே பசிபிக் ஹொங்கொங் விமானிகளுக்குச் சம்பளம் வெட்டிய புதிய ஒப்பந்தத்தை நீட்டியது, வளைகுடாவிலும் நூற்றுக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். வேலை போனால் அங்கே விசாவும் போகும். உங்கள் வீட்டுக் கடனுக்குச் சேர்த்து எடுத்திருக்கும் காப்புறுதி பெரும்பாலும் மரணத்துக்கும் நிரந்தர இயலாமைக்கும்தான் கட்டும். நன்றாக நடமாடிக்கொண்டு, ஆனால் பறக்க முடியாமல் இருப்பவருக்கு அது உதவாது. உரிமம் இழப்புக் காப்புறுதி என்று தனியாக ஒன்று உண்டு. எந்த நிறுவனத்தில் இருந்தாலும் அது இருக்கிறதா, எத்தனை மாதச் சம்பளம் தரும் என்று கேளுங்கள். கடனின் மாதத் தவணையை உத்தரவாத மணிச் சம்பளத்துக்குள் அடக்கிக்கொள்ளுங்கள். டிசம்பர்ச் சீட்டை வைத்து வங்கியில் கடனைக் கூட்டாதீர்கள்.