ஓராண்டில் பல மொழிகள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: வரும் ஜனவரி முதல் ஓராண்டுக் காலத்தில் ஜப்பானியம், ஜெர்மன், ஸ்பானியம், பிரெஞ்சு ஆகிய நான்கு மொழிகளையும் ஒருசேரக் கற்க எண்ணியிருக்கிறேன். நாள்தோறும் இரண்டு மணி நேரம் ஒதுக்க முடியும். மொழிக்கு அரை மணி வீதம் கால அட்டவணையும் போட்டுவிட்டேன். ஆங்கிலம் நன்கு தெரியும். பள்ளியில் இரண்டாண்டு படித்த பிரெஞ்சு அரைகுறையாக நினைவிருக்கிறது. ஜப்பானியத்தின் மீதுதான் ஆசை அதிகம். இந்தத் திட்டம் நடைமுறைக்கு ஒத்துவருமா? (ஒரு வாசகி)

பதில்: நான்கு மொழிகளை விரும்புவதில் எனக்கு மறுப்பில்லை; நான்கிற்கும் சமமாக அரை மணி என்பதில்தான் மறுப்பு. முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். உடல்நலக் குறைவு, பயணம், வீட்டு வேலைகள் எனத் தவறிப்போகும் நாட்களைக் கழித்துவிட்டால், ஓராண்டில் 300 நாட்கள் படிப்புக்குக் கிடைப்பதே பெரிது. நாளுக்கு இரண்டு மணி வீதம் அது 600 மணி நேரம் ஆகிறது. நான்காகப் பிரித்தால் மொழிக்கு 150 மணி நேரம். அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அலுவலர்களுக்கு மொழி கற்பிப்பதற்காக நடத்தும் பயிற்சி நிறுவனம், ஆங்கிலம் பேசும் ஒருவர் பணிக்குப் போதுமான தேர்ச்சி பெற ஸ்பானியத்துக்கும் பிரெஞ்சுக்கும் 600 முதல் 750 வகுப்பு மணி நேரமும், ஜெர்மனுக்கு அதைவிடக் கூடுதலாகவும், ஜப்பானியத்துக்கு 2,200 மணி நேரமும் ஆகும் என்று தன் நெடுங்கால அனுபவத்திலிருந்து கணித்திருக்கிறது. வகுப்புக்கு வெளியே படிக்கும் நேரம் இதில் சேராது. அவ்வளவு உயர்ந்த தேர்ச்சி உங்களுக்குத் தேவைப்படாமல் இருக்கலாம். எனினும் 150 மணி நேரம் என்பது எந்த மொழியிலும் வாசற்படியைத் தாண்டுவதற்கான நேரம்தான்.

புதிய மொழியின் முதல் சில மாதங்கள் பிந்திய காலத்தைப் போன்றவை அல்ல. ஒலிகள் காதுக்குப் பிடிபடுவதில்லை. எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டியிருக்கிறது. வினைச்சொற்களின் விகுதிகள் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. இந்தக் கட்டத்தில் பத்து நாட்கள் விட்டுவிட்டால், கற்றதில் பெரும்பகுதியை மீண்டும் முதலிலிருந்து படிக்க நேரும். ஓர் எளிய கதையை அகராதியின் துணையோடு படித்து முடிக்கும் நிலையை எட்டிவிட்டால், அதன் பிறகு நாளுக்குக் கால் மணி நேரம் படித்தும் கேட்டும் வந்தாலே மொழி நம்மிடம் தங்கிவிடுகிறது. ஆகவே, வெவ்வேறு வளர்ச்சி நிலையில் உள்ள மூன்று மொழிகளை ஒருவர் ஒரே ஆண்டில் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். இரண்டு மொழிகளை ஒரே வாரத்தில் அரிச்சுவடியிலிருந்து தொடங்குவது, நான் பட்டு அறிந்த அளவில், இரண்டையும் கெடுக்கிறது.

உங்கள் ஆசை ஜப்பானியத்தின் மீது என்பதால் அதையே தலைமை மொழியாக வைத்து, ஆண்டை மூன்று பருவங்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் நான்கு மாதங்களில் ஜப்பானியத்துக்கு நாளுக்கு 75 நிமிடங்கள், பிரெஞ்சுக்கு 45 நிமிடங்கள். பிரெஞ்சு உங்களுக்கு முற்றிலும் புதிதல்ல. மறந்ததை மீட்கும் வேலைதான், ஆகையால் அது ஜப்பானியத்தின் தொடக்கத்தோடு மோதாது. மே மாதத்தில் ஜெர்மனைத் தொடங்கி அதற்கு 45 நிமிடங்களும், ஜப்பானியத்துக்கு 60 நிமிடங்களும் கொடுத்து, பிரெஞ்சை 15 நிமிட வாசிப்பாகச் சுருக்கிவிடுங்கள். கடைசி நான்கு மாதங்களில் ஜப்பானியம் 60, ஜெர்மன் 40, பிரெஞ்சு 20. பருவத்துக்கு நூறு படிப்பு நாட்கள் என்று வைத்துக்கொண்டால், ஆண்டிறுதியில் ஜப்பானியத்துக்கு 325 மணி நேரமும், ஜெர்மனுக்கு ஏறத்தாழ 142 மணி நேரமும், பிரெஞ்சுக்கு ஏறத்தாழ 133 மணி நேரமும் சேர்ந்திருக்கும். ஸ்பானியத்துக்கு இந்த ஆண்டில் இடமில்லை. அதை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவையுங்கள். பிரெஞ்சு ஓரளவு உறுதியான பிறகு தொடங்கினால், ஸ்பானியச் சொற்களில் கணிசமான பகுதி பழகிய முகங்களாகவே தெரியும்.

அந்த 325 மணி நேரம் எவ்வளவு தூரம் கொண்டுசெல்லும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஜப்பானிய மொழித் திறன் தேர்வு 2009 வரை நான்கு நிலைகளாக நடந்தபோது, தொடக்க நிலைக்கு 150 மணி நேரப் படிப்பும் அதற்கடுத்த நிலைக்கு 300 மணி நேரப் படிப்பும் அளவாகச் சொல்லப்பட்டன. 2010 முதல் தேர்வு ஐந்து நிலைகளாக மாறியது. அந்த இரண்டு நிலைகளும் இன்றைய என்5, என்4 ஆகியவற்றோடு ஒப்பானவை. தேர்வு ஜூலையிலும் டிசம்பரிலும் நடைபெறுகிறது. பதிவு பல வாரங்களுக்கு முன்பே முடிந்துவிடும். டிசம்பரில் என்4 எழுதுவது என்று இப்போதே குறித்துக்கொண்டால் ஆண்டுக்கு ஒரு முதுகெலும்பு கிடைக்கும். ஆனால் அந்தத் தேர்வில் பேச்சுப் பகுதி கிடையாது. தேர்வுக்காக மட்டும் படித்து, வாயைத் திறக்காமலே என்4 தேறியவர்களை நான் அறிவேன். வாரத்தில் ஒரு நாளாவது ஒருவரோடு பேசியாக வேண்டும்.

ஜப்பானியத்துக்கான 2,200 மணி நேரக் கணக்கு உங்களை அச்சுறுத்த வேண்டாம். அது ஆங்கிலத்தை மட்டும் அறிந்தவருக்கான கணக்கு. ‘வதாஷி க யொந்த ஹொன்’ என்ற தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். ‘நான் படித்த புத்தகம்’ என்பதே பொருள். வதாஷி – நான், யொந்த – படித்த, ஹொன் – புத்தகம். எழுவாயைக் காட்டும் ‘க’ என்ற இடைச்சொல் ஒன்றுதான் கூடுதல். ஆங்கிலம் பேசுவோர் வாக்கியத்தைத் தலைகீழாகப் புரட்டிப் பழக வேண்டிய இடத்தில், நமக்கு நம் பெயரெச்சமே அப்படியே நிற்கிறது. துணைவினைகளும் அவ்வாறே: ‘யொந்தெ மிரு’ என்றால் படித்துப் பார், ‘யொந்தெ ஒகு’ என்றால் படித்து வை. மிரு என்பது பார்ப்பது, ஒகு என்பது வைப்பது. முதன்முதலில் இதைக் கண்டபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை இன்றும் மறக்கவில்லை. உண்மையான சுமை எழுத்தில் இருக்கிறது. ஹிரகானா 46, கதகானா 46 என்ற அடிப்படை எழுத்துகளை மூன்று வாரங்களில் முடித்துவிடலாம். பொதுப் பயன்பாட்டுக்கென 2010-இல் திருத்தி வெளியிடப்பட்ட பட்டியலில் உள்ள ‘கஞ்சி’ எனப்படும் 2,136 சீன வழி எழுத்துகளோ சில ஆண்டுகள் நம்மோடு வரக்கூடியவை. இலக்கணம் எளிதாக இருக்கிறதே என்று மகிழ்ந்து எழுத்தை ஒத்திப்போட்டுவிடாதீர்கள்.

கேள்வி: ஸ்பானியமும் இத்தாலியமும் ஒரே குடும்பம். இரண்டையும் சேர்த்துப் படித்தால் உழைப்பு பாதியாகும் அல்லவா? ஆனால் மூன்று மாதங்களில் இரண்டும் எனக்குக் குழம்பிவிட்டன. தவறு என்னுடையதா? (ஒரு கல்லூரி மாணவர்)

பதில்: தவறு உங்களுடையது அன்று, வரிசையினுடையது. நெருங்கிய மொழிகள் இரண்டில் ஒன்று நன்றாக ஊன்றிய பிறகு மற்றதைத் தொடங்கினால் உழைப்பு குறைகிறது. இரண்டும் நாற்றாக இருக்கும்போது சேர்த்து நட்டால், ஒன்றின் வேர் மற்றதில் பின்னிக்கொள்கிறது. ‘புர்ரோ’ என்பது ஸ்பானியத்தில் கழுதை, இத்தாலியத்தில் வெண்ணெய். ‘சலீர்’ ஸ்பானியத்தில் வெளியே செல்வது. ‘சலீரெ’ இத்தாலியத்தில் மேலே ஏறுவது. ‘குவர்தார்’ அங்கே பத்திரப்படுத்துவது. ‘குவர்தாரெ’ இங்கே பார்ப்பது. ‘லார்கோ’ ஒன்றில் நீளம், மற்றொன்றில் அகலம். முற்றிலும் வேறுபட்ட சொற்களை மனம் பிரித்து வைத்துக்கொள்ளும். இவற்றைப் போல ஒலியில் ஒன்றாகவும் பொருளில் வேறாகவும் இருப்பவைதான் தொல்லை தருகின்றன. ஜப்பானியமும் ஜெர்மனும் ஒருவரிடம் ஒரே ஆண்டில் அமைதியாக வாழ முடிவதற்கும் இதுவே காரணம்.

இப்போதைக்கு இத்தாலியத்தை ஆறு மாதங்கள் நிறுத்திவையுங்கள். ஸ்பானியத்தில் பி1 நிலையை அடையுங்கள். ஐரோப்பா கவுன்சில் 2001-இல் வெளியிட்ட பொது அளவுகோலின்படி, பழகிய செய்திகளைப் பற்றித் தொடர்ச்சியாகப் பேசவும், தன் கருத்துக்குச் சுருக்கமாகக் காரணம் கூறவும் இயலும் நிலை அது. பிறகு இத்தாலியத்தைத் தொடங்கும்போது, ஆங்கிலத்தின் வழியாக அல்லாமல் ஸ்பானியத்தின் வழியாகவே படியுங்கள். ஒரு தாளை நடுவில் மடித்து, இடப்புறம் ஸ்பானிய வாக்கியம், வலப்புறம் அதன் இத்தாலிய வடிவம் என்று நாளுக்கு ஐந்து வாக்கியங்கள் எழுதினால், குழப்பத்துக்குக் காரணமான அதே ஒற்றுமை உதவியாக மாறுவதைக் காண்பீர்கள். இரண்டையும் ஒரே நாளில் படிக்க நேர்ந்தால், காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று வையுங்கள். ஒரே குறிப்பேட்டில் இரண்டையும் எழுத வேண்டாம்.

கேள்வி: மூன்று மொழிகளில் நாளுக்கு அறுபது புதிய சொற்கள் படிக்கிறேன். ஒரு மாதத்தில் முக்கால்வாசி மறந்துவிடுகிறது. நினைவாற்றலை வளர்க்க என்ன செய்வது? (ஒரு மென்பொருள் பணியாளர்)

பதில்: உங்கள் நினைவாற்றலில் குறையில்லை, அறுபது என்ற எண்தான் மிகுதி. ஹெர்மன் எப்பிங்ஹவுஸ் என்ற ஜெர்மானிய உளவியலாளர், பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து தம்மையே சோதித்து, 1885-இல் முடிவுகளை வெளியிட்டார். மறதி தொடக்கத்தில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் நிகழ்கிறது என்பது அவர் கண்டவற்றுள் ஒன்று. ஒரே நாளில் அடுக்கடுக்காக 68 முறை சொன்னதால் கிடைத்த பலன், மூன்று நாட்களில் பரப்பிச் சொன்னபோது 38 முறையிலேயே ஏறக்குறைய கிடைத்தது என்பது மற்றொன்று. 1972-இல் செபஸ்டியான் லைட்னர் பரப்பிய அட்டைப் பெட்டி முறை இந்த உண்மையின் மேல் எழுந்தது. ஒரு பக்கம் சொல்லும் மறுபக்கம் பொருளும் எழுதிய சிறு அட்டைகளை வைக்கும் பெட்டியில் ஐந்து அறைகள் இருக்கும். சரியாக நினைவுகூர்ந்த அட்டை அடுத்த அறைக்குச் செல்லும். தவறிய அட்டை முதல் அறைக்கே திரும்பும். பின்னறைகளை நாட்கள் கழித்தே திறக்க வேண்டும். இன்று கைபேசிச் செயலிகள் இதையே கணக்கிட்டுச் செய்கின்றன.

செயலியில் கவனிக்க வேண்டியது, இன்று சேர்க்கும் ஒவ்வொரு புதிய சொல்லும் நாளையும், அடுத்த வாரமும், அடுத்த மாதமும் திரும்பி வரும் கடன் என்பதே. அறுபது சொற்கள் சில வாரங்களில் நாளுக்குச் சில நூறு அட்டைகளாகப் பெருகி, இரண்டு நாள் விடுமுறையில் மலைபோல் குவிந்துவிடும். தலைமை மொழியில் பத்து, மற்றவற்றில் ஐந்து என்று நிறுத்திக்கொள்ளுங்கள். தனிச்சொல்லாக எழுதாமல், அது வந்த வாக்கியத்தோடு எழுதுங்கள். ஜெர்மனில் பெயர்ச்சொல்லைப் பால் காட்டும் சொல்லோடுதான் எழுத வேண்டும். கரண்டி ஆண்பால், முள்கரண்டி பெண்பால், கத்தி அஃறிணைப் பால்: டேர் லோஃபல், டீ காபல், தஸ் மெஸ்ஸர். நமக்கு மூன்றுமே ஒன்றன்பால் என்பதால், காரணம் தேடினால் கிடைக்காது. நான் நீலம், சிவப்பு, பச்சை என மூன்று மைகளில் எழுதினேன். பல ஆண்டுகளுக்குப் பிறகும் முள்கரண்டி என் நினைவில் சிவப்பாகவே வருகிறது.

கேள்வி: எனக்கு 58 வயது. இரண்டு மொழிகளை ஒரே ஆண்டில் தொடங்கலாமா? (ஓய்வை நெருங்கும் ஓர் ஆசிரியர்)

பதில்: தொடங்கலாம், ஆறு மாத இடைவெளியில். உச்சரிப்புக்கு மட்டும் கூடுதல் நேரம் கொடுத்து, முதல் மாதம் முழுவதும் பார்ப்பதைவிடக் கேட்பதை மிகுதியாக வையுங்கள். படிக்கும் பழக்கமும் இலக்கண அறிவும் உங்களிடம் ஏற்கெனவே இருக்கின்றன. இளைஞர்கள் பலருக்கு அவை இல்லை.

கேள்வி: ஆண்டின் நடுவில் ஒரு மொழியைக் கைவிட வேண்டிய நிலை. இதுவரை பட்ட பாடு வீணாகுமே என்று வருந்துகிறேன். (ஒரு வாசகர்)

பதில்: கைவிடுவதற்கும் நிறுத்திவைப்பதற்கும் வேறுபாடு உண்டு. பாடத்தின் நடுவில் விட்டுவிடாமல், எடுத்த அத்தியாயத்தை முடித்துவிட்டு நிறுத்துங்கள். குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் நாளைக் குறித்து, எது வரை படித்தீர்கள், எந்த இலக்கணம் இன்னும் தடுமாறுகிறது, அடுத்து எதைத் தொடங்க இருந்தீர்கள் என்பவற்றை எழுதுங்கள். நான் ரஷ்ய மொழியை ஒருமுறை இவ்வாறு நிறுத்தினேன். 33 எழுத்துகளும் தெரியும், ஆறு வேற்றுமைகளில் நான்கு வரை வந்திருந்தேன். ‘ஐந்தாம் வேற்றுமை, பக்கம் 112, பயிற்சி 3’ என்று எழுதி மூடிய குறிப்பேட்டை மூன்று ஆண்டுகள் கழித்துத் திறந்தபோது, முந்தைய பாடங்களைத் திரும்பப் பார்க்க ஐந்து வாரங்கள் போதுமானதாக இருந்தன. அதற்கு முன்பு வேறொரு மொழியை எந்தக் குறிப்பும் இல்லாமல் விட்டிருந்தேன். அதை மீண்டும் முதல் பாடத்திலிருந்துதான் எடுக்க வேண்டியிருந்தது. நிறுத்திய மொழிக்கு வாரம் ஒருமுறை இருபது நிமிடங்கள் ஒதுக்கி, முன்பு படித்த பாடத்தின் ஒலிப்பதிவையே கேட்டு வாருங்கள். புதிதாக எதையும் அதில் சேர்க்க வேண்டாம்.