தொல்லியல் சட்டப் பயிற்சி வி.ஏ.ஓ.வுக்கும் பொறியாளருக்கும் எதற்கு?

பழைய சின்னங்களைக் காக்கும் சட்டங்கள் எதைத் தடுக்கின்றன, யாரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்று அரசு ஊழியர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் இந்தப் பயிற்சி.

காரணம் எளிது. சின்னத்துக்குப் பக்கத்தில் முதலில் போய் நிற்பது தொல்லியல் அதிகாரி இல்லை. சாக்கடைக்குப் பள்ளம் தோண்டும் ஜேசிபியும் கூடவே ஓவர்சியரும்தான். தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் நடுகற்கள் ஏராளம். மண்ணுக்குள்ளிருந்து வாள் பிடித்த வீரன் உருவத்தோடு ஒரு பலகைக்கல் வந்தால், தெரியாதவர் அதைச் சாக்கடைக்கு மூடியாகப் போட்டுவிடுவார். தெரிந்தவர் வேலையை நிறுத்தி தாசில்தாருக்குச் சொல்வார். என்னைக் கேட்டால், பயிற்சியில் பாதி நேரத்தை இதற்கே கொடுக்கலாம்.

அடுத்தது தூரக் கணக்கு. ராயக்கோட்டைக் கோட்டை மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. 1958ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு 2010இல் வந்த திருத்தப்படி, இத்தகைய சின்னங்களின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதுக் கட்டடம் கூடாது. அதற்கு அப்பால் இன்னும் 200 மீட்டர் வரை கட்ட, முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். பட்டா நம் பெயரில் இருந்தாலும் உயர் அழுத்த மின்கம்பிக்குக் கீழே வீடு கட்ட முடியாதே, அதுபோல. மாநிலப் பாதுகாப்பில் உள்ளவற்றுக்கு 1966ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் தனியாக உண்டு.

“அரசாங்க வேலைதானே, நமக்கெதற்கு அனுமதி?” என்று பலர் நினைக்கிறார்கள், இந்த 100 மீட்டர் தடை பஞ்சாயத்து போடும் கட்டடத்துக்கும் சேர்த்துத்தான்.