பிள்ளையைப் பறித்தா ஆண்டவர் கூப்பிடுவார்?

கேள்வி: எங்கள் மகன் குறைமாதத்தில் பிறந்து, ஒன்பது நாள் பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் (என்ஐசியு) இருந்து போய்விட்டான். பெயர்கூட வைக்கவில்லை. கையில் கட்டிய பட்டையில் 'பேபி ஆஃப்' என்று போட்டு என் பெயர்தான் இருந்தது. பால் வற்றுவதற்காக மாமியார் மல்லிகைப்பூ வைத்துக் கட்டினார். இன்றும் அந்த வாசனை வந்தால் உடம்பு நடுங்குகிறது. நாங்கள் இந்துக்கள். கடைசி ராத்திரி ஒரு நர்ஸ் அக்கா அவன் தலையைத் தொட்டு ஜெபம் செய்தார். அதற்கப்புறம் சாயங்காலங்களில் லூர்து மாதா கோயிலில் போய் உட்கார்ந்துவிடுகிறேன். அங்கேதான் மூச்சு விட முடிகிறது. இயேசுவை நம்பத் தொடங்கிவிட்டேன். ஆனால் அங்கே ஒருவர், "உன்னைக் கூப்பிடத்தான் ஆண்டவர் பிள்ளையை எடுத்துக்கொண்டார்" என்கிறார். அது உண்மையா? ஞானஸ்நானம் பெறாத என் பிள்ளை எங்கே இருக்கிறான்? "துக்கத்துல மதம் மாறப் போறியா?" என்று மாமியார் கேட்கிறார். கணவர் வாயே திறப்பதில்லை.
- பெயர் வேண்டாம், பெரம்பூர்

பதில்: அன்புத் தங்கைக்கு,

கோயிலில் அவர் சொன்னது உண்மை இல்லை. ஆறுதல் சொல்வதாக நினைத்துத்தான் சொல்லியிருப்பார். ஆனாலும் பெற்ற வயிற்றிடம் சொல்லக்கூடாத பேச்சு அது. குறைமாதக் குழந்தைக்கு நுரையீரல் முழுசாக வளர்ந்திருக்காது, கிருமித் தொற்றைத் தாங்கும் தெம்பும் குறைவு. உங்கள் மகன் இறந்ததற்கு இப்படி உடம்பு சார்ந்த காரணங்கள் இருக்கும். அதில் உங்கள் பாவமும் இல்லை, உங்களை வரவழைக்க யாரும் போட்ட திட்டமும் இல்லை.

லூக்கா நற்செய்தியின் 7ஆம் அதிகாரத்தைப் படித்துப் பாருங்கள். நயீன் ஊரில் ஒரு விதவையின் ஒரே மகனைப் பாடையில் தூக்கிப் போகிறார்கள். எதிரே வந்த இயேசு அந்தத் தாயைப் பார்த்து மனம் இரங்குகிறார். உனக்கு விசுவாசம் இருக்கிறதா, நீ எந்தக் குலம் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளுக்கு மகன் திரும்பக் கிடைத்தான், உங்களுக்குக் கிடைக்கவில்லை. அந்த 'ஏன்' என்ற கேள்விக்கு எந்தச் சாமியாரும் பதில் வைத்திருக்கவில்லை. ஆனால் பிள்ளையை இழந்த தாயின் முன்னால் இயேசு எப்படி நின்றார் என்பது நமக்குத் தெரியும். நீங்கள் நம்பத் தொடங்கியிருப்பது அவரைத்தான்.

அழுதால் விசுவாசம் குறைந்துபோய்விடும் என்றும் யாராவது சொல்வார்கள். காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். இயேசு பிறந்த கதையிலேயே ஏரோது ராஜா கொன்ற பெத்லகேம் குழந்தைகள் இருக்கிறார்கள். மத்தேயு தன் நற்செய்தியில் அதை எழுதும்போது, பிள்ளைகளுக்காக அழுது ஆறுதல் பெற மறுக்கும் ராகேல் என்ற பழைய ஏற்பாட்டுத் தாயை அங்கே கொண்டுவந்து நிறுத்துகிறார். அவளைக் கண்ணைத் துடைத்துக்கொள்ளச் சொல்லவில்லை. பைபிளில் உள்ள 88ஆம் சங்கீதம் முழுக்கப் புலம்பல்தான், அது முடிவதும் இருட்டில்தான். அதையும் ஜெபம் என்றே வேதத்தில் சேர்த்திருக்கிறார்கள். உங்களுக்குக் கோபம் வந்தால் மாதா முன்னால் உட்கார்ந்து கோபமாகவே பேசுங்கள். செத்த மகனை மடியில் கிடத்தியிருக்கும் வியாகுல மாதாவின் சுரூபத்தை எங்காவது பார்த்திருப்பீர்கள். அவளுக்குத் தெரியாத கோபமா?

அப்புறம் ஞானஸ்நானம். அந்தப் பெத்லகேம் குழந்தைகளில் ஒருவரும் ஞானஸ்நானம் பெற்றதில்லை. ஆனாலும் திருச்சபை அவர்களைப் புனிதர்கள் என்று டிசம்பர் 28ஆம் தேதி கொண்டாடுகிறது. ஞானஸ்நானம் பெறாமல் இறக்கும் குழந்தைகளைக் கடவுளின் இரக்கத்திடம் ஒப்படைக்கிறோம் என்று 1992இல் வந்த கத்தோலிக்க மறைக்கல்வி நூல் சொல்கிறது. சிறு பிள்ளைகளை என்னிடம் வரவிடுங்கள் என்ற இயேசுவின் வார்த்தையைத்தான் அது ஆதாரமாகக் காட்டுகிறது. அவர்கள் மீட்படைவார்கள் என்று நம்ப வலுவான காரணங்கள் உண்டு என்று வத்திக்கானின் இறையியல் குழு 2007இல் எழுதியது. உங்கள் மகன் ஆண்டவரிடம் இருக்கிறான் என்று நானும் நம்புகிறேன்.

அவனுக்கு ஒரு பெயர் வையுங்கள். நீங்களும் கணவரும் சேர்ந்து வையுங்கள். கோயில் அலுவலகத்தில் அந்தப் பெயரைச் சொல்லி, அவனுக்காகப் பூசையில் வேண்டிக்கொள்ளும்படி (பூசைக் கருத்து) எழுதிக்கொடுக்கலாம், நீங்கள் கிறிஸ்தவராக இருக்கவேண்டும் என்றில்லை. வாய் திறக்காத மனிதரிடம் "என்ன பேர் வைக்கலாம்?" என்று கேட்டுப் பாருங்கள். "எப்படி இருக்கீங்க?" என்றால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். இதற்கு அப்படி நழுவ முடியாது.

மாமியார் மேல் கசப்பு வேண்டாம். உங்கள் பால் வற்ற மல்லிகை கட்டிய கைகள் பேரனைத் தூக்கக் காத்திருந்த கைகள். அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. துக்கத்தின் நடுவே ஞானஸ்நானத்துக்கு அவசரப்படாதீர்கள். பெரியவர்களுக்கு மாதக்கணக்கில் மறைக்கல்வி நடத்தி, பெரும்பாலும் ஈஸ்டருக்கு முந்தின இரவில்தான் ஞானஸ்நானம் கொடுக்கிறார்கள். நீங்கள் இன்னும் ஒரு வருஷம் சும்மா போய் உட்காருங்கள். வீட்டில் மறைக்காதீர்கள், ஒருநாள் கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். முடிந்தால் அந்த நர்ஸ் அக்காவைப் போய்ப் பாருங்கள். உங்கள் மகனைத் தொட்டு அவனுக்காக ஜெபித்தவர், அவனைப் பற்றி அவரிடம் பேசலாம்.

கடைசியாக ஒன்று. வாரக்கணக்கில் தூக்கமும் சாப்பாடும் இல்லை என்றாலோ, பிள்ளையிடமே போய்விடலாம் என்று தோன்றினாலோ, ஜெபம் மட்டும் போதும் என்று இருந்துவிடாதீர்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, எந்த நேரத்திலும் தமிழில் பேசலாம். பிரசவம் பார்த்த டாக்டரிடமும் இதை மறைக்காமல் சொல்லுங்கள். போகும்போது மாமியாரைத் துணைக்குக் கூப்பிடுங்கள், வருவார்.