போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள்: எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்?

வேட்டைக்கு போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் (ஒவ்வொரு தடவையும் போல்ட் என்ற கைப்பிடியுள்ள தண்டைக் கையால் பின்னும் முன்னும் ஓட்டித் தோட்டா ஏற்றும் துப்பாக்கி) வாங்குவது பற்றி வந்த கேள்விகளில் ஒன்றுபோல் இருந்தவற்றைச் சேர்த்துவிட்டு மீதியை எடுத்துக்கொண்டேன். உரிமம், வேட்டைக்காலம், எந்த விலங்குக்கு எந்தத் தோட்டா அனுமதி என்பதெல்லாம் நாட்டுக்கு நாடு மாறும். அதை முடித்துவிட்டுத்தான் கடைக்குள் நுழைகிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

கேள்வி: அண்ணா, இதுதான் என் முதல் ரைஃபிள். மான் மட்டும்தான், 200 மீட்டருக்கு மேல் சுடவே மாட்டேன். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் மூன்று மடங்கு விலை வித்தியாசம் இருக்கிறது. மூன்று மடங்கு கொடுத்தால் மூன்று மடங்கு நேராகச் சுடுமா?

பதில்: சுடாது தம்பி. நாற்பது வருடத்துக்கு முன் கேட்டிருந்தால் கொஞ்சம் யோசித்துச் சொல்லியிருப்பேன். இப்போது குறைந்த விலை ரைஃபிளிலேயே நல்ல குழல் வந்துவிடுகிறது. ரைஃபிளிங் வரிகளைத் தலைகீழாகச் செதுக்கிய ஒரு கெட்டியான தண்டைக் குழலுக்குள் விட்டு, வெளியிலிருந்து இயந்திரச் சுத்தியல்கள் சுற்றிச் சுற்றி அடிக்கும். உள்ளே வரிகள் அச்சுக் குத்தியதுபோலப் பதிந்துவிடும். கோல்டு ஹேமர் ஃபோர்ஜிங் என்பது இதுதான். அந்த இயந்திரம் யானை விலை. ஆனால் வாங்கிப் போட்டுவிட்டால் ஒவ்வொரு குழலுக்கும் ஆகிற செலவு குறைந்துவிடும். ரூகர் அமெரிக்கன் போன்ற மலிவான ரைஃபிளிலும் இப்படிச் செய்த குழல்தான்.

கணக்கையும் பார்த்துவிடுவோம். குண்டுகள் எவ்வளவு சிதறுகின்றன என்று சொல்லும் கோண அளவு எம்.ஓ.ஏ. ஒரு எம்.ஓ.ஏ. என்றால் 100 மீட்டரில் ஏறக்குறைய 2.9 செ.மீ. ஒன்றரை எம்.ஓ.ஏ. ரைஃபிள் 200 மீட்டரில் குண்டுகளை 9 செ.மீ. வட்டத்துக்குள் போடும். மானின் நெஞ்சில் இதயமும் நுரையீரலும் இருக்கும் இடம் சுமார் 20 செ.மீ. அகலம். ரைஃபிளின் பிழை போக உங்கள் கை நடுக்கத்துக்கும் அதில் இடம் இருக்கிறது.

அப்போது கூடுதல் காசு எங்கே போகிறது? போல்ட் வழுக்கிக்கொண்டு ஓடுவதில், பிடித்து முறுக்கினால் வளையாத கட்டையில் (தோளில் வைத்துப் பிடிக்கும் பகுதி), இழுவை இல்லாமல் சட்டென்று விடும் ட்ரிக்கரில். கீழ்த்தட்டிலிருந்து நடுத்தட்டுக்குப் போகும்போது இதெல்லாம் கையிலேயே தெரியும். நடுத்தட்டைத் தாண்டிவிட்டால் பெரும்பாலும் மரத்தின் வரியிலும் பாலிஷிலும்தான் தெரிகிறது. நடுத்தட்டில் வாங்குங்கள். மிச்சக் காசுக்குத் தோட்டா வாங்கிச் சுட்டுப் பழகுங்கள்.

கேள்வி: நடுத்தட்டு என்றால் எது சார்? பெயர் சொல்லுங்கள். டிக்கா, ஹோவா, ஸாவேஜ் மூன்றில் குழம்பிக் கிடக்கிறேன்.

பதில்: எனக்கு டிக்கா. பின்லாந்தில் ஸாக்கோ தொழிற்சாலையிலேயே செய்கிறார்கள். 2003-இல் டி3 வந்தது, 2016-இல் அதைத் திருத்தி டி3எக்ஸ் ஆக்கினார்கள். போல்ட்டைத் தூக்க 70 டிகிரி போதும். பழைய மவுசர் வகையில் 90 டிகிரி தூக்க வேண்டும். இது சின்ன விஷயம் மாதிரித் தெரியும். தடிமனான கையுறை போட்டுக்கொண்டு, ஸ்கோப்பின் கண் பக்கம் விரல் இடிக்காமல் இரண்டாவது தோட்டாவை ஏற்றிப் பார்த்தால் புரியும். குறை என்ன என்றால், நீளத் தோட்டாவுக்கும் குட்டைத் தோட்டாவுக்கும் ஒரே நீள ஆக்‌ஷன்தான் (போல்ட் ஓடும் உலோகக் கூடு). குட்டையான .308-க்கு வாங்கினாலும் நீளமான .30-06-க்கு ஆன கூட்டைத்தான் சுமக்க வேண்டும். மேகசின் பிளாஸ்டிக். பலர் முகம் சுளிப்பார்கள். என்னுடையது இதுவரை உடையவில்லை.

ஹோவா 1500 ஜப்பான் ரைஃபிள். வெதர்பி வேன்கார்டும் அதே தொழிற்சாலையில் பிறந்த தம்பிதான். கனம் கொஞ்சம் அதிகம், அழகு கொஞ்சம் குறைவு, ஆனால் இரும்பில் கஞ்சத்தனம் காட்டியிருக்க மாட்டார்கள். டிக்காவுக்குக் காசு எட்டாவிட்டால் தயங்காமல் இதை எடுங்கள்.

ஸாவேஜ் 110 வந்தது 1958-இல். குழலை ஒரு நட்டு போட்டு இறுக்கியிருப்பார்கள். தோட்டா உட்காரும் ஆழத்தை மலிவாகவும் துல்லியமாகவும் அமைக்க அது ஒரு கெட்டிக்கார வழி. பின்னாளில் குழல் மாற்றுவதும் சுலபம். நன்றாகவே சுடும். போல்ட்டை இழுக்கும்போதுதான் மணலில் வண்டி ஓட்டுவது போல ஒரு கரகரப்பு. அது பொறுத்துக்கொள்ளக்கூடியதா என்பது உங்கள் மனசு.

கேள்வி: மவுசர் மாதிரி பெரிய நகம் இருந்தால்தான் உண்மையான வேட்டைத் துப்பாக்கி என்று ஒரு பெரியவர் சொல்கிறார். ரெமிங்டன் 700 வைத்திருப்பவர்கள் சிரிக்கிறார்கள். யார் சொல்வது சரி?

பதில்: இரண்டு பேரும்தான், வேட்டை வேறு வேறு.

பால் மவுசரின் 1898 வடிவத்தில் போல்ட்டின் பக்கவாட்டில் நீளமான ஒரு எஃகு நகம் இருக்கும். மேகசினிலிருந்து தோட்டா மேலே எழும்பும்போதே அதன் அடி விளிம்பு அந்த நகத்துக்குள் நுழைந்துவிடும். அப்புறம் தோட்டா போல்ட்டின் பிடியில்தான். பாதியில் கை நின்றுபோய்ப் பின்னால் இழுத்தாலும் கூடவே வெளியே வந்துவிடும். ரெமிங்டன் 700 போன்ற தள்ளு வகையில் போல்ட் தோட்டாவை முன்னால் தள்ளிக்கொண்டு போகும். கடைசியில் மூடும்போதுதான் கொக்கி விளிம்பைப் பிடிக்கும். பதற்றத்தில் பாதியில் பின்னால் இழுத்துவிட்டு மறுபடி தள்ளினால், முதல் தோட்டா அறை வாசலில் கிடக்க, இரண்டாவது அதன் முதுகில் முட்டும். காட்டெருமை எதிரில் வரும்போது நடக்கக் கூடாத காரியம். அதனால்தான் ஆபத்தான விலங்கு வேட்டைக்காரர்கள் இன்னும் நகத்தைக் கேட்கிறார்கள்.

மானுக்கு? நின்று நிதானமாக போல்ட்டை முழுதாக ஓட்டப் பழகினால் போதும். தள்ளு வகையில் ஒரு வசதியும் உண்டு: ஒற்றைத் தோட்டாவை நேரே அறையில் போட்டு மூடலாம். சுத்தமான மவுசர் வகையில் மேகசின் வழியாகத்தான் போக வேண்டும். இல்லாவிட்டால் நகம் விளிம்பின் மேல் ஏற முரண்டு பிடிக்கும்.

வின்செஸ்டர் மாடல் 70-க்கு 1964-க்கு முந்தையது என்று தனி மரியாதை இருப்பதற்கு இந்த நகமும் ஒரு காரணம். 1936-இல் நகத்தோடு வந்தது, 1964-இல் செலவைக் குறைக்க எடுத்தார்கள், 90-களில் திரும்பவும் கொண்டுவந்தார்கள். பழையதற்குச் சேகரிப்பாளர் விலை சொல்வார்கள். சுடுவதற்கு வாங்குகிறவர் அந்த விலையைக் கொடுக்க வேண்டியதில்லை. நகம் வேண்டும் என்றால் புதிய மாடல் 70 இருக்கிறது.

கேள்வி: .300 வின்செஸ்டர் மேக்னம் என்ற பலமான தோட்டாவுக்கான ரைஃபிள் வாங்கிவிட்டால் எதிர்காலத்தில் எல்லாவற்றுக்கும் ஆகும் அல்லவா? ஒரே செலவாகப் போய்விடும்.

பதில்: செலவு ஒன்று என்பது ரைஃபிளுக்குத்தான். தோட்டாவுக்கு ஒவ்வொரு தடவையும் கூடுதல் காசு, தோளுக்கு ஒவ்வொரு தடவையும் ஒரு உதை. உதைக்குப் பயந்தவன் ட்ரிக்கரை அழுத்தும் முன்பே உடம்பைச் சுருக்கிக்கொள்வான், அவனுக்கே தெரியாது.

சோதிக்க ஒரு வழி. சுடுகளத்தில் நண்பரிடம் ரைஃபிளைக் கொடுத்து, உங்களுக்குத் தெரியாமல் நடுநடுவே டம்மித் தோட்டாவை ஏற்றித் தரச் சொல்லுங்கள். ட்ரிக்கர் டிக் என்று அடிக்கும், வெடிக்காது, ஆனால் குழல்வாய் ஒரு முழம் கீழே குனியும். நான் அப்படிக் குனிந்தபோது பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது.

.308 வின்செஸ்டர் 1952-லிருந்து இருக்கிறது, .30-06 அதற்கும் மூத்தது, 1906. இரண்டுக்கும் தோட்டா எங்கும் கிடைக்கும். உதை குறைவாக வேண்டும் என்றால் 2007-இல் பிறந்த 6.5 கிரீட்மோர். மானுக்கு இந்த மூன்றில் எதை எடுத்தாலும் தப்பில்லை. உங்கள் பக்கத்தில் எந்தத் தோட்டா வருடம் முழுக்கத் தட்டுப்பாடில்லாமல் கிடைக்கிறதோ, அதுவே உங்கள் காலிபர்.

கேள்வி: ஸ்டெயின்லெஸ் குழலுக்குக் கூடுதல் காசு கொடுக்கலாமா?

பதில்: மழையில், கடற்கரை ஓரத்தில் வேட்டை என்றால் கொடுக்கலாம். அதுவும் துருப் பிடிக்கும், மெதுவாகப் பிடிக்கும். எண்ணெய்த் துணி இரண்டுக்கும் வேண்டும்.

கேள்வி: அண்ணா, நான் ஐந்தடி உயரம்தான். கடையில் எதை எடுத்தாலும் கட்டை நீளமாக இருக்கிறது. "பழகிவிடும்மா" என்கிறார்கள்.

பதில்: பழகாதம்மா, கழுத்துதான் வலிக்கும். ட்ரிக்கரிலிருந்து கட்டையின் பின்முனை வரை சாதாரண ரைஃபிளில் 34, 35 செ.மீ. இருக்கும். உங்களுக்கு 32-ஐ ஒட்டி வேண்டியிருக்கலாம். காம்பேக்ட் என்ற பெயரில் பல மாடல்களில் வருகிறது. பின்னால் சில்லு சேர்த்து நீளத்தைக் கூட்டிக் குறைக்கிற கட்டைகளும் உண்டு.

கடையிலேயே பார்த்துவிடலாம். முதலில் போல்ட்டைத் திறந்து அறையும் மேகசினும் காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துகொள்ளுங்கள், கடைக்காரர் ஏற்கெனவே பார்த்திருந்தாலும் சரி. ஆள் இல்லாத பக்கம் நீட்டி, கண்ணை மூடிக்கொண்டு தோளில் வைத்து, கன்னத்தைக் கட்டையில் வசதியாகச் சாய்த்த பிறகு கண்ணைத் திறங்கள். ஸ்கோப்பில் முழு வட்டமும் தெரிந்தால் அளவு சரி. ஓரத்தில் கறுப்புப் பிறை தெரிந்து, கழுத்தை நீட்டி அதைத் தேட வேண்டியிருந்தால் வேறு கட்டை பாருங்கள். மாட்டின் முன்னால் வண்டியைக் கட்ட வேண்டாம்: கடைக்காரர் காலிபர் பற்றிப் பேச ஆரம்பித்தால் முதலில் இதை முடிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: மரக் கட்டைக்கு ஆசை. பிளாஸ்டிக் கட்டைதான் நிலையாகச் சுடும் என்கிறார்களே?

பதில்: மரம் ஈரத்தைக் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். அப்போது குழலைத் தொட்டு அழுத்தினால் குறி நகரும். ஆனால் மலிவான பிளாஸ்டிக்கும் யோக்கியம் இல்லை. ஒரு தாளை மடித்துக் குழலுக்கும் முன்கட்டைக்கும் நடுவில் செருகி, ஆக்‌ஷன் வரை இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் ஓட வேண்டும். அப்புறம் தாள் உள்ளே இருக்கும்போதே முன்கட்டையைக் குழலோடு சேர்த்து ஒரு கையால் நெரியுங்கள். தாள் மாட்டிக்கொண்டால், முன்கட்டையைத் தாங்கு காலில் வைத்துச் சுடும்போதும் கட்டை வளைந்து குழலைத் தொடும். மலிவு ரைஃபிள்களில் காசை மிச்சம் பிடிக்கிற முதல் இடம் இதுதான்.

மர ஆசைக்கும் நிலைக்கும் நடுவில் லேமினேட் இருக்கிறது. மெல்லிய பலகைகளைப் பசை போட்டு ஒட்டியது. அசையாது, கனக்கும்.

கேள்வி: ரைஃபிள் விலைக்குச் சமமாக ஸ்கோப்புக்கும் செலவழிக்க வேண்டும் என்பது சரியா?

பதில்: அடிமட்ட ரைஃபிளுக்குச் சரி, மற்றதற்கு அவ்வளவு வேண்டாம். 3-9x40 (மூன்றிலிருந்து ஒன்பது மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 40 மி.மீ.) நல்லதாக ஒன்று வாங்கினால் மான் வேட்டைக்குத் தாராளம். பெரிய எண்களுக்குக் காசைக் கொட்டுவதை விட, விடியலிலும் அந்தியிலும் கண்ணாடி எவ்வளவு தெளிவாகக் காட்டுகிறது என்று பாருங்கள். மான் வருவது அந்த நேரத்தில்தான்.

ஸ்கோப்பை ரைஃபிளில் பிடித்து வைக்கும் வளையத்தையும் அடித்தட்டையும் மறந்துவிடாதீர்கள். ஒரு வருடம் இரண்டு காலை நேரம் தொடர்ந்து தவறவிட்டேன். குழல் போய்விட்டது என்றே முடிவு கட்டிவிட்டேன். வீட்டுக்கு வந்து ஸ்கோப்பைக் கையால் பிடித்து அசைத்தால் கடகட என்கிறது. அடித்தட்டில் ஒரு திருகு அரைச் சுற்று கழன்றிருந்தது. எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்காமல் திருகை மாட்டியதன் பலன். இப்போது திருகுகளைத் துடைத்து, முறுக்கு அளக்கும் திருப்புளியால் சொன்ன அளவுக்கு மட்டும் இறுக்குகிறேன்.

கேள்வி: பழைய ரைஃபிள் ஒன்று நல்ல விலைக்கு வருகிறது. எதைப் பார்க்க வேண்டும் ஐயா?

பதில்: வரிசை எண் சுரண்டியிருந்தால் பேச்சே வேண்டாம், திரும்பி வந்துவிடுங்கள்.

அப்புறம் திருகுகள். தலை சிதைந்திருந்தால் கத்தியாலோ பொருந்தாத திருப்புளியாலோ யாரோ நோண்டியிருக்கிறார்கள். போல்ட்டைக் கழற்றிவிட்டு, பின்பக்கமிருந்து வெளிச்சத்தைப் பார்த்துக் குழலுக்குள் பாருங்கள். கறுப்புப் புள்ளிக் குழிகள் நிறைய இருந்தால் விட்டுவிடுங்கள். குழல்வாயின் விளிம்பில் காது துடைக்கும் பஞ்சுக் குச்சியை உள்ளிருந்து வெளியே இழுத்து ஒரு சுற்று சுற்றுங்கள். பஞ்சு நூல் எங்கே சிக்குகிறதோ அங்கே சிராய்ப்பு. குண்டு வெளியேறும் கடைசி இடம் அது, அங்கே ஒரு பக்கம் கெட்டால் குறி சிதறும். விளிம்பை மட்டும் சீவிச் சரி செய்வது பெரிய வேலை இல்லை, விலையைக் குறைக்க அதைச் சொல்லலாம்.

போல்ட்டின் பூட்டுக் காதுகளின் (மூடும்போது போல்ட்டைப் பூட்டிப் பிடிக்கும் புடைப்புகள்) பின்புறம் இரண்டிலும் தேய்ந்த பளபளப்பு இருக்க வேண்டும். ஒன்றில் மட்டும் என்றால் ஒரு காதுதான் முழுப் பாரத்தையும் தாங்கியிருக்கிறது. மரக்கட்டையில் ஆக்‌ஷனின் வால் முடியும் இடத்தில் மயிரிழை விரிசல் தேடுங்கள். எல்லாம் சரியாக இருந்தாலும் துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுத்து ஹெட்ஸ்பேஸை (மூடிய போல்ட்டின் முகத்துக்கும் அறையில் தோட்டா உட்காரும் இடத்துக்கும் உள்ள இடைவெளி) அளந்த பிறகே சுடுங்கள். முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் வெடிக்கிற பொருள்.

கேள்வி: மூன்று குண்டும் ஒரே ஓட்டையில் போட்ட படத்தைக் காட்டி விற்கிறார்கள். நம்பலாமா?

பதில்: மூன்று குண்டில் அதிர்ஷ்டத்துக்கு நிறைய இடம் உண்டு. மறுநாள் அதே ரைஃபிள் இரண்டு மடங்கு விரித்துப் போடும். வேட்டையில் உங்களுக்குக் கிடைப்பது குளிர்ந்த குழலிலிருந்து போகும் முதல் குண்டுதான். ஒரே தாளை வைத்துக்கொண்டு, சுடுகளத்துக்குப் போகும் ஒவ்வொரு நாளும் முதல் குண்டை மட்டும் அதில் சுட்டு, தேதி எழுதி மடித்து வையுங்கள். பத்து நாள் கழித்து அந்தத் தாள் சொல்வதை எந்த விளம்பரமும் சொல்லாது.

கேள்வி: அப்படியானால் ஸாக்கோ, பிளேஸர் ஆர்8 எல்லாம் வீண் என்கிறீர்களா? எனக்கு ஆர்8 மேல் ஒரு கண்.

பதில்: வீண் என்று சொல்லவில்லை. நல்ல கடிகாரம் கட்டுகிறவர் மணி பார்க்க மட்டுமா கட்டுகிறார்? ஆர்8 இந்தப் பேச்சில் சரியாகச் சேராது, அதன் போல்ட்டைத் தூக்காமல் நேராகப் பின்னால் இழுக்க வேண்டும். 2008-லிருந்து இருக்கிறது. கண்ணை ஸ்கோப்பிலிருந்து எடுக்காமலே இரண்டாவது தோட்டா ஏறிவிடும். குழலைக் கழற்றி வேறு காலிபர் மாட்டலாம் என்பதைத்தான் பெரிய லாபமாகச் சொல்லி விற்பார்கள். அந்த இரண்டாவது குழலுக்கும் அதற்கான ஸ்கோப்புக்கும் சேர்த்து விலை கேளுங்கள். அந்தக் காசுக்கு இரண்டு டிக்கா வருமா என்று பார்த்துவிட்டு, அப்புறமும் ஆர்8 தான் வேண்டும் என்றால் வாங்கிவிடுங்கள்.