பழகிய கதைக்குள் ஓர் இடம்

கேள்வி: களியக்காவிளை அருகே வசிக்கிறேன். சிறுவயது முதல் டிசம்பர்தோறும் குடில் கட்டியும் கிறிஸ்து பிறப்பின் கதையைக் கேட்டும் வந்த எனக்கு, இப்போது அது மனத்தைத் தொடுவதில்லை. அதை எனக்குரியதாக எப்படி உணர்வது?

பதில்: குடிலைச் சற்று மறந்து, லூக்கா நற்செய்தியின் 2ஆம் அதிகாரத்தை மெதுவாக வாசியுங்கள், சகோதரி. நாம் தவறாமல் வைக்கும் மாடும் கழுதையும் அங்கே இல்லை. சத்திரத்தில் இடமில்லாமையும், துணியில் சுற்றிய பிள்ளையும், கால்நடைகளுக்குத் தீனி வைக்கும் தொட்டியான முன்னணையும்தான் இருக்கின்றன. செய்தி முதலில் சென்றது, இரவில் மந்தையைக் காத்து வயல்வெளியில் விழித்திருந்த மேய்ப்பர்களுக்கு. உங்கள் ஊரில் விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, ரப்பர் மரப்பட்டையைச் சீவி, சிரட்டையில் முதல் சொட்டுப் பால் விழுவதைப் பார்த்துவிட்டு அடுத்த மரத்துக்கு நகரும் தொழிலாளியை நினைத்துப் பாருங்கள். ஊர் உறங்கும்போது உழைப்பவரைத் தேடி அந்தச் செய்தி வந்தது என்பது இன்றும் என்னைக் கண்கலங்க வைக்கிறது.

மேய்ப்பர்கள் சொன்னவற்றை மரியாள் மனத்தில் வைத்துச் சிந்தித்ததாக லூக்கா எழுதுகிறார். மரியாளுக்கே எல்லாம் உடனே விளங்கிவிடவில்லை என்றுதான் நான் வாசிக்கிறேன்; ஆகவே, உங்கள் மனம் அசையாததைக் குற்றமாக எண்ண வேண்டாம். இந்த ஆண்டு முழுக் கதையையும் சுமக்காமல், பிள்ளையை முன்னணையில் கிடத்திய அந்தத் தாயோடு மட்டும் சில இரவுகள் இருந்து பாருங்கள்.