முகத்துக்கு டம்மி நம்பர் கிடையாது – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் வியாசர்பாடியில் பிறந்து வளர்ந்தவன். எங்கள் தெருவில் மருத்துவம் படித்த முதல் ஆள். எம்.பி.பி.எஸ். முடித்து, பொது மருத்துவத்தில் மூன்றாண்டுச் சிறப்புப் பயிற்சியும் முடித்து, இறுதித் தேர்வின் எழுத்துத் தாள்களில் நல்ல மதிப்பெண்ணோடு தேறினேன். செய்முறைத் தேர்வில் சில மதிப்பெண்களில் தவறிவிட்டேன். வைவா என்ற வாய்மொழித் தேர்வின்போது வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் ஒருவர் எனக்கு எந்த ஏரியா என்று கேட்டார். சொன்னேன். அவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துச் சிரித்தார். அவ்வளவுதான் நடந்தது. அந்தச் சிரிப்புதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அது காரணமில்லை என்று சொல்லவும் என்னிடம் எதுவும் இல்லை, ஏனென்றால் எனக்குக் கிடைத்தது மொத்தமாக ஒரே ஓர் எண். என்ன தப்பு செய்தாய் என்று அப்பா கேட்கிறார். எனக்குப் பதில் தெரியவில்லை.

வினாத்தாள், விடைகள், தேர்வாளர் பெயர், வீடியோ என எல்லாவற்றையும் வெளியிட வேண்டும் என்பது என் கருத்து. அப்படிச் செய்தால் தரம் கெட்டுவிடும் என்கிறார்கள் என் சீனியர்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

எம்., வியாசர்பாடி

அன்புள்ள எம்.,

உங்கள் கடிதத்தில் இருந்த தேர்வு மையத்தின் பெயரையும் ஊரையும் நீக்கிவிட்டேன். நீங்கள் மறுபடி அதே மேசைக்கு எதிரே உட்கார வேண்டியிருக்கலாம்.

நான் மருத்துவன் அல்லன். ஆனால் செய்முறைத் தேர்வைக் கட்டிலின் மறுபக்கத்திலிருந்து பார்த்த குடும்பம் எங்களுடையது. காசிமேட்டில் வலை பின்னிக்கொண்டிருந்த என் பெரியப்பாவுக்குச் சிறு வயதில் வந்த மூட்டுக் காய்ச்சலால் இதய வால்வு சுருங்கியிருந்தது. தேர்வுக் காலம் வந்தால் ஓர் அரசு மருத்துவமனையிலிருந்து ஆள் வருவார்; பெரியப்பா சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, 'கேஸ்' ஆக, அதாவது தேர்வு எழுதுபவர்கள் சோதித்துப் பார்க்கும் நோயாளியாக, போய்ப் படுப்பார். மதியம் ஒரு சாப்பாட்டுப் பொட்டலமும் கொஞ்சம் பணமும் கிடைக்கும். ஆண்டுக்கணக்கில் கேட்டுக் கேட்டு, தன் மார்பில் எந்த இடத்தில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து, எந்தப் பக்கம் திருப்பிப் படுக்கச் சொன்னால் 'மர்மர்' என்ற அந்த இதயச் சத்தம் கேட்கும் என்பது அவருக்கு மனப்பாடம். கை நடுங்கும் பிள்ளை வந்தால், "இடது பக்கம் ஒருக்களிச்சுப் படுக்கச் சொல்லு தம்பி" என்று மெல்லச் சொல்லிவிடுவாராம். வணக்கம்கூடச் சொல்லாமல் சட்டையைத் தூக்குகிறவன் வந்தால், சின்ன வயதில் காய்ச்சலே வந்ததில்லை என்று சாதித்துவிடுவாராம். இதை அவர் பெருமையாகச் சொல்லி நாங்கள் சிரித்திருக்கிறோம். அந்த இரண்டாவது பையனுக்கு என்ன ஆயிற்று என்று நான் யோசிக்கத் தொடங்கியது மிகவும் பிந்தித்தான்.

லாங் கேஸ் என்ற முறையின் அடிப்படைக் கோளாறு இதுதான். தேர்வர் ஒருவருக்கு ஒரே நோயாளி, அவரை முழுக்கச் சோதித்து நோயைச் சொல்ல வேண்டும்; அந்த நோயாளி எளியவரா, சிக்கலானவரா, கோபக்காரரா என்பது அன்றைய அதிர்ஷ்டம். இதைச் சரிசெய்யத்தான் 1975இல் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் ரொனால்ட் ஹார்டனும் சகாக்களும், இன்று ஆஸ்கி என்று நீங்கள் சொல்லும் முறையைக் கொண்டுவந்தார்கள்: தேர்வர்கள் ஒவ்வொன்றாகச் சுற்றிவரும் பல நிலையங்கள், எல்லோருக்கும் ஒரே பணிகள், ஒவ்வொன்றுக்கும் முன்கூட்டியே எழுதப்பட்ட மதிப்பெண் பட்டியல். பெரியப்பாவின் மனநிலைக்கு அங்கே இடம் குறைவு.

எழுத்துத் தாளில் இந்தச் சிக்கல் பெருமளவு தீர்ந்துவிட்டது. அங்கே உங்கள் பெயரை மறைக்க டம்மி நம்பர் இருக்கிறது. மதிப்பிடப்பட்ட விடைத்தாள், தகவல் உரிமைச் சட்டத்தின்படி தேர்வு எழுதியவர் பார்க்கக்கூடிய தகவல்தான் என்று 2011இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. செய்முறைத் தேர்வில் முகத்துக்கு ஏது டம்மி நம்பர்? பெயர், பேச்சு, நிறம், ஏரியா எல்லாம் உங்களோடு அறைக்குள் வருகின்றன, வெளியே வரும்போது பார்ப்பதற்கு ஒரு தாளும் மிஞ்சுவதில்லை. ஒளிவுமறைவின்மை அதிகம் தேவைப்படும் இடத்தில்தான் அது மிகக் குறைவாக இருக்கிறது.

ஆனாலும் எல்லாவற்றையும் வெளியிட வேண்டும் என்பதில் உங்களோடு நான் முழுக்க உடன்படவில்லை. கொள்குறி வினாக்களை முழுதாக வெளியிடுவது பற்றி உங்கள் சீனியர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. எய்ம்ஸின் உயர்சிறப்புப் படிப்பு நுழைவுத் தேர்வு தொடர்பான வழக்கில், 2012இல் டெல்லி உயர் நீதிமன்றம் வினாத்தாளைத் தர வேண்டியதில்லை என்றது. குறுகிய துறையில் நல்ல கேள்விகளின் எண்ணிக்கையே குறைவு, அவை வெளியே போனால் அடுத்த ஆண்டு மனப்பாடம்தான் ஜெயிக்கும் என்பது அங்கே வைக்கப்பட்ட வாதம். அதற்காக அரைகுறையாகக் காட்டுவதையும் ஏற்க முடியாது. 2025 நீட் முதுநிலைத் தேர்வுக்குப் பிறகு, தேசிய மருத்துவ அறிவியல் தேர்வு வாரியம் கேள்வியின் அடையாள எண், சரியான விடை, தேர்வர் தந்த விடை ஆகியவற்றை வெளியிட்டது, கேள்வியை மட்டும் விட்டுவிட்டது. ரேஷன் கடை ரசீதில் எடையும் விலையும் இருந்து சரக்கின் பெயர் இல்லாததுபோல. அதை வைத்துக்கொண்டு விடை தவறு என்று யார் முறையிட முடியும்?

வீடியோவையும் யோசித்துப் பாருங்கள். கட்டிலில் சட்டையில்லாமல் படுத்திருப்பவரிடம் யாராவது சம்மதம் கேட்பார்களா? என் பெரியப்பாவிடம் கேட்டிருக்க மாட்டார்கள். மேசை வைவாவை ஒலிப்பதிவு செய்யலாம். நோயாளியின் உடலைப் படமெடுப்பதற்கு நான் உடன்பட மாட்டேன். தேர்வாளர் பெயர் பற்றி: விடைத்தாள் திருத்தியவர்களின் விவரங்களைத் தர வேண்டியதில்லை என்று 2016இல் கேரள அரசுப் பணியாளர் தேர்வாணைய வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது, அவர்களுடைய பாதுகாப்பைக் கருதி. நேருக்கு நேர் உட்கார்ந்து கேள்வி கேட்டவரின் விஷயத்தில் அந்தக் காரணம் எவ்வளவு பொருந்தும் என்று எனக்குப் புரியவில்லை. நான் கேட்பது பெயரைவிட முக்கியமான ஒன்று. ஒவ்வொரு தேர்வாளரும் மற்றவரிடம் பேசுவதற்கு முன் தனித்தனியாக மதிப்பெண் போட வேண்டும். தோல்வி என்றால் எதில் என்று இரண்டு வரி எழுத வேண்டும். யார் எத்தனை பேரைத் தேர்ச்சியடையச் செய்கிறார் என்ற கணக்கை வாரியம் ஆண்டுதோறும் பார்க்க வேண்டும்.

கணக்கு வெளியே வந்தால் என்ன நடக்கும் என்பதற்குப் பிரிட்டன் ஓர் உதாரணம். அங்கே குடும்ப மருத்துவர்களுக்கான ராயல் கல்லூரியின் செய்முறைத் தேர்வு 13 நிலையங்களில், பயிற்சி பெற்ற நடிகர்களை நோயாளிகளாக வைத்து நடந்த ஒன்று. காகிதத்தில் குறை சொல்ல முடியாத ஏற்பாடு. ஆனால் பிரிட்டனிலேயே படித்த வெள்ளையரல்லாத மருத்துவர்கள் அதில் முதல் முயற்சியில் தோற்கும் வாய்ப்பு, எழுத்துத் தேர்வு மதிப்பெண்ணைக் கணக்கில் எடுத்த பிறகும், வெள்ளையரைப்போல் ஏறத்தாழ மூன்றரை மடங்கு என்று 2013இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஆய்வு காட்டியது. இந்திய வம்சாவளி மருத்துவர்களின் சங்கம் நீதிமன்றம் போனது. 2014இல் வழக்கு தோற்றது. தேர்வு சட்டப்படி சரியானதே என்றார் நீதிபதி. ஆனால் சங்கத்துக்குத் தார்மீக வெற்றி கிடைத்ததாக அவரே சொன்னார், கல்லூரி இந்த ஏற்றத்தாழ்வைப் பற்றி ஏதேனும் செய்தாக வேண்டும் என்பதையும் உணர்த்தினார். புள்ளிவிவரம் பூட்டிக் கிடந்திருந்தால் அந்த வழக்குக்கே வழியிருந்திருக்காது. தேர்வாளர்கள் கெட்டவர்கள் என்று அதிலிருந்து நான் முடிவு செய்யவில்லை. நல்லவர்கள் நடத்தும் தேர்விலும், எண்ணிப் பார்த்தால்தான் தெரியும் சாய்வுகள் இருக்கின்றன. உங்கள் தேர்வாளரின் சிரிப்பும் வெறும் அசட்டுச் சிரிப்பாக இருந்திருக்கலாம். அவரைக் காப்பாற்றுவதற்கும் எழுதி வைத்த காரணம்தான் தேவை.

தரம் பற்றி ஒரு சொல். 50 விழுக்காடு என்ற எல்லைக்கோடு நமக்குப் பழகிப்போனது, ஆனால் அதற்குப் பின்னால் பெரிய தத்துவம் எதுவுமில்லை. வெளிநாட்டில் படித்தவர்களுக்கான தகுதித் தேர்வில் தாள் கடினமானாலும் எளிதானாலும் 300க்கு 150தான். அமெரிக்காவின் சிறப்புத் துறை வாரியங்கள் பலவற்றில், 1971இல் வில்லியம் ஆங்காஃப் விளக்கிய முறையை ஒட்டி, தகுதியின் விளிம்பில் நிற்கும் நூறு பேரில் எத்தனை பேர் இந்தக் கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்வார்கள் என்று நிபுணர்கள் ஒவ்வொரு கேள்விக்கும் மதிப்பிட்டு, அதிலிருந்து தேர்ச்சி எண்ணை முடிவு செய்கிறார்கள். எல்லைக்கோட்டை எப்படிப் போட்டோம் என்று வெளியில் சொல்வதால் எந்தத் தரமும் குறைந்துவிடாது.

இனி உங்கள் காரியம். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு ஒரு விண்ணப்பம் போடுங்கள். ஏன் தோற்றேன் என்று கேட்காதீர்கள். கருத்துக் கேட்டால் பதில் வராது, இருக்கும் ஆவணத்தைக் கேட்டால்தான் வரும். லாங் கேஸ், ஷார்ட் கேஸ் (சுருக்கமான நோயாளிப் பரிசோதனை), வைவா ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு தேர்வாளரும் பதிவு செய்த மதிப்பெண் தாளின் நகல் வேண்டும், தேர்வாளர் பெயரை மறைத்துத் தரலாம் என்று எழுதுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். வராவிட்டால் முதல் மேல்முறையீடு செய்யுங்கள். அப்படித் தனித்தனியான பதிவு எதுவும் இல்லை என்று பதில் வந்தால், அந்தக் கடிதத்தைத் தூக்கி எறியாதீர்கள். உங்கள் அப்பாவிடம் காட்டுங்கள், எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.